பி.எல். தொடர் பார்ப்பவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள், கத்துகிறார்கள், சண்டை போடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016இல் 'சோட்டஸ்' என்ற தாய்லாந்துத் தொடரைப் பார்த்ததில் தொடங்கியது எனக்கு இந்தப் பழக்கம். அன்றிலிருந்து சித்தி மகள், விடுதித் தோழிகள், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி என்று கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் தாய்லாந்துத் தொடர்களைப் பற்றித்தான் பேசுகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தவை அவைதான். சில கதைகளின் முடிவையும் சொல்லியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பி.எல்.னா என்னக்கா? எல்லாரும் சொல்றாங்க, ஆனா யாரும் விளக்கமா சொல்ல மாட்டேங்கிறாங்க.

'பாய்ஸ் லவ்' என்பதன் சுருக்கம். இரண்டு ஆண்களுக்கு நடுவே மலரும் காதலை மையமாக வைத்த கதைகள். இதன் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1970களில் அங்கே சிறுமிகளுக்கான மங்கா இதழ்களில் ஹாகியோ மோட்டோ, தகேமியா கெய்கோ போன்ற பெண் ஓவியர்கள் பையன்களின் காதலை வரைந்தார்கள். வரைந்தவர்களும் பெண்கள், படித்தவர்களும் பெண்கள். பிறகு 'யாவோய்' என்ற பெயர் பரவியது. அந்தச் சொல்லின் முதல் ஆங்கில எழுத்தான 'ஒய்'யை மட்டும் எடுத்துக்கொண்டு தாய்லாந்துக்காரர்கள் 'வாய்' என்கிறார்கள். தொடருக்கு 'சீரீஸ் வாய்', ரசிகைக்கு 'சாவ் வாய்'. சீனாவில் இதே வகைக் கதைக்குத் 'தான்மெய்' என்று பெயர்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்லத் தொடங்கிய வகை அல்ல இது. பெண்கள் தங்களுக்காகக் கற்பனை செய்ததில் பிறந்தது. பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

தாய்லாந்துல இது எப்ப ஆரம்பிச்சது? நாமெல்லாம் லாக்டவுன்லதானே பார்க்க ஆரம்பிச்சோம்?

2007இல் 'லவ் ஆஃப் சயாம்' என்ற படம் வந்தது. விளம்பரத்தில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், வழக்கமான பதின்வயதுக் காதல் மாதிரி காட்டினார்கள். உள்ளே போனால் அந்த இரண்டு பையன்களின் கதை. எதிர்பாராமல் வந்து அதிர்ந்தவர்களும் உண்டு, அழுதுகொண்டே வெளியே வந்து மறுநாள் தோழியைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. பார்வையாளர் இரண்டாகப் பிரிவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. தொலைக்காட்சியில் 2014இல் 'லவ் சிக்', 2016இல் 'சோட்டஸ்'.

நீங்கள் சொல்வது 2020ஆம் ஆண்டு, '2கெதர்'. பிப்ரவரி முதல் மே வரை, வெள்ளிக்கிழமை தோறும். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்கள் அவை. ஜிஎம்எம்டிவி நிறுவனம் ஒவ்வொரு வாரப் பகுதியையும் நான்கு துண்டுகளாக யூடியூபில் ஆங்கில வசன வரிகளோடு போட்டது. காசு வேண்டாம், ஒரு போன் இருந்தால் போதும். மணிலாவில் இருப்பவரும் மதுரையில் இருப்பவரும் ஒரே இரவில் ஒரே காட்சிக்குக் கத்தினார்கள். அந்த ஆண்டே பிலிப்பைன்ஸில் 'கேம்பாய்ஸ்' வந்தது. ஊரடங்கில் கணினித் திரை வழியாகவே காதலிக்கும் இரண்டு பையன்களின் கதை.

'ஃபி, ஃபி'ன்னு கூப்பிடறாங்களே, அது அண்ணன்னுதானே அர்த்தம்? அண்ணன்னு கூப்பிட்டுட்டு எப்படிக் காதலிக்கிறது?

'ஃபி' என்றால் மூத்தவர், 'நோங்' என்றால் இளையவர். ஆண் பெண் இரண்டுக்கும் பொது. கூடப் பிறந்தவர் முதல் கடைக்காரர் வரை யாரையும் அப்படிக் கூப்பிடலாம். தாய்லாந்தில் காதலியும் மனைவியும்கூடத் தன்னைவிட மூத்த ஆணை 'ஃபி' என்றே அழைப்பதுண்டு.

வயது பார்த்து, உறவு சொல்லி அழைக்கிற பழக்கம் நமக்கும் இருப்பதால் இந்தத் தொடர்களின் நுணுக்கம் நமக்குச் சட்டென்று பிடிபடும். இத்தனை நாள் 'ஃபி' என்றவன் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆங்கில வசன வரி அந்த மாற்றத்தைப் பாதி நேரம் தவறவிட்டுவிடும். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

பொண்ணுங்களுக்கு ஏன் ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிறது அவ்ளோ பிடிக்குது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கேட்கும்போது ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கும். நேராகவே சொல்கிறேன். வழக்கமான காதல் தொடரில் நாயகியோடு என்னை ஒப்பிடாமல் பார்க்க முடிந்ததே இல்லை. அவள் நிறம், அவள் இடுப்பு, அவள் பொறுமை. எப்போது திருமணம், எப்போது மாமியார் என்ற கணக்கும் கூடவே வரும். இங்கே திரையில் எனக்கென்று ஒதுக்கிய இடம் இல்லை. அதனால்தான் நிம்மதியாகக் காதலை மட்டும் பார்க்க முடிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண்கள் அழுவதை, தயங்குவதை, இன்னொருவருக்குச் சோறு ஊட்டிவிடுவதை, மன்னிப்புக் கேட்பதை இவ்வளவு நேரம் எடுத்துக் காட்டுகிற கதைகள் வேறெங்கே இருக்கின்றன? எல்லாப் பெண்களுக்கும் இதே காரணம் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு இரண்டு அழகான பையன்களைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அதிலும் தப்பில்லை. ரசிகர்களில் ஆண்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ரியாக்‌ஷன் வீடியோ எதுக்குப் பார்க்கறீங்க? தொடரையே பார்த்தாச்சுல்ல?

பார்த்தாச்சு. ஆனால் யாரோடு பார்த்தோம்? நம்மில் நிறையப் பேர் விளக்கை அணைத்துவிட்டு, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு பார்த்தவர்கள். கத்தத் தோன்றினால் தலையணையைக் கடிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தி அதே காட்சிக்கு நாற்காலியிலிருந்து எழுந்து குதிப்பதைப் பார்க்கும்போது, நான் கத்தாமல் விட்டதை அவள் கத்திவிட்ட மாதிரி இருக்கும்.

2021 நவம்பரில் 'பேட் பட்டி'யின் ஐந்தாம் பகுதி வந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஜென்மப் பகையான இரண்டு குடும்பங்கள். அந்த வீட்டுப் பையன் பாட் பொறியியல் படிக்கிறான், இந்த வீட்டுப் பையன் பிரான் கட்டடக்கலை படிக்கிறான். மொட்டைமாடியில் இருவரும் முத்தமிடுகிறார்கள். முடிந்ததும் பிரான் அழுதுகொண்டே எழுந்து போய்விடுகிறான். அந்தக் காட்சிக்கு எத்தனை பேரின் முகங்களைப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. முத்தத்துக்குக் கத்தியவர்கள் எல்லாருமே அடுத்த அரை நிமிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு மௌனமானார்கள். பள்ளிக்காலத்திலிருந்து ஒளித்து வைத்த காதல் வெளியே வந்தால் வலிக்கும் என்பது யாரும் விளக்காமலே எல்லாருக்கும் புரிந்திருந்தது.

'பதினொண்ணாம் பகுதி சாபம்'னு ஏதோ சொல்றீங்களே, அது என்ன?

இந்தத் தொடர்கள் பெரும்பாலும் 12 பகுதிகள். பன்னிரண்டில் சேர வேண்டுமென்றால் பதினொன்றில் பிரிய வேண்டும் என்று திரைக்கதை ஆசிரியர்கள் ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள். ஒரு தவறான புரிதல், ஒரு பழைய காதலி, திடீரென்று வெளிநாட்டுப் படிப்பு. ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் சாபம். பத்தாம் பகுதி முடிந்ததுமே பயம் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் புலம்பல் எடுப்பவர்கள் காதுக்கும் போனது. 'பேட் பட்டி'யின் பதினொன்றில் காதலர்கள் பிரியவில்லை, சேர்ந்து கடற்கரைக்கு ஓடிப்போனார்கள். பிறகு பன்னிரண்டில் நான்கு ஆண்டுகள் தாண்டிக் காட்டி, பிரிந்துவிட்டார்களோ என்று நம்மை நடுங்க வைத்து, வீட்டாரின் கண்ணுக்கு மட்டும்தான் அது பிரிவு என்று சொல்லி முடித்தார் இயக்குநர் நோப்பர்னாச் சைவிமோன். பார்ப்பவர் என்ன எதிர்பார்ப்பார், எங்கே பயப்படுவார் என்று தெரிந்து எழுதிய கதை அது.

அந்த ரெண்டு நடிகர்களும் நிஜமாவே காதலிக்கிறாங்களா? உண்மையச் சொல்லுங்க.

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். உங்களுக்கும் எனக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தாய்லாந்தில் 'கூ ஜின்' என்று ஒரு சொல் உண்டு, ரசிகர்கள் மனதில் சேர்த்து வைத்த ஜோடி என்று பொருள். ஒரு ஜோடி பிடித்துப்போனால் நிறுவனம் அதே இருவரை மீண்டும் மீண்டும் சேர்த்து நடிக்க வைக்கும். 'தியரி ஆஃப் லவ்', 'நாட் மீ' இரண்டிலும் ஆஃப் ஜும்போன், கன் அத்தபன் ஜோடிதான். தொடர் முடிந்த பிறகும் ரசிகர் சந்திப்பு, விளம்பரம், பாட்டு மேடை என்று ஜோடியாகவே வருவார்கள். மேடையில் கையைப் பிடிப்பதும், ஒருவர் மற்றவரின் வியர்வையைத் துடைப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி. 'ஃபேன் சர்வீஸ்' என்று அதற்கு வெளிப்படையான பெயரே இருக்கிறது.

அதனால் எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைக்கிறவர்களுக்குள் உண்மையான பாசம் இருக்கும். அந்தப் பாசத்துக்கு என்ன பெயர் என்று தோண்டுவதுதான் நம் வேலை இல்லை.

ஒருத்தனை மட்டும் 'பொண்டாட்டி'ங்கறாங்களே, கேட்கவே எரிச்சலா இருக்கு. ஏன் அப்படி?

எனக்கும் எரிச்சல்தான். தாய்லாந்து மொழியில் நாயகனுக்கு 'ப்ரா ஏக்', நாயகிக்கு 'நாங் ஏக்'. அந்த 'ஏக்' நமக்கும் தெரிந்த வடமொழி 'ஏக'தான். நாயகி இல்லாத கதையில் இரண்டாவது ஆணை என்னவென்று சொல்வது? 'நாய் ஏக்' என்று புதுச் சொல் உருவாக்கினார்கள். சொல் புதிது, ஆனால் வேலை பழைய நாயகியின் வேலை. வெட்கப்படுவான், கோபித்துக்கொள்வான், காப்பாற்றப்படுவான். 'சோட்டஸ்' முதல் பகுதியிலேயே இளையவன் மூத்தவனைப் பார்த்து உன்னை என் மனைவியாக்கிக்கொள்கிறேன் என்று சவால் விடுவான். அன்று கைதட்டி ரசித்தேன். இன்று பார்த்தால், ஓர் ஆணைச் சிறுமைப்படுத்த அவனைப் பெண் என்று சொன்னால் போதும் என்ற எண்ணம் அந்தச் சவாலுக்குள் இருப்பது உறைக்கிறது.

பெண் ரசிகர்களே இதை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் பேசினார்கள். மேலே சொன்ன பாட், பிரான் இருவரும் ஏன் அவ்வளவு கொண்டாடப்பட்டார்கள் என்றால், யார் கணவன் யார் மனைவி என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஒருவனுக்கொருவன் போட்டி, ஒருவனுக்கொருவன் துணை. ஐந்தாண்டுக்குள் இவ்வளவு தூரம் வந்ததில் முணுமுணுத்த பார்வையாளர்களுக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கருத்து.

'எனக்கு ஆம்பளைங்களப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்' – இதுல என்ன தப்பு? ரொமான்டிக்காதானே இருக்கு?

ஒரு தொடரில் ஒரு பாத்திரம் சொன்னால் தப்பில்லை. வாழ்க்கையில் அப்படி உணர்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தொடருக்குத் தொடர் எல்லா நாயகர்களும் அதையே சொல்லும்போது, 'பயப்படாதீர்கள், இவர்கள் அந்த மாதிரி இல்லை' என்று பார்வையாளருக்குச் சமாதானம் சொல்வது போல் ஆகிவிடுகிறது. காதலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் காதலுக்கு உரிய மனிதர்களை வெளியே நிறுத்துகிற வேலை அது.

'2கெதர்' எனக்கு மிகவும் பிடித்த தொடர், ஆனாலும் சொல்கிறேன். நாயகன் டைன், தன்னைத் துரத்தும் கிரீன் என்ற பையனிடமிருந்து தப்பிக்கத்தான் சராவத் என்ற சக மாணவனிடம் போலிக் காதலனாக நடிக்கச் சொல்கிறான். தன்னை வெளிப்படையாகக் காட்டிக்கொள்ளும், நளினமாக நடக்கும் கிரீன் அங்கே சிரிப்புக்கான ஆள். காதல் மட்டும் மற்ற இருவருக்கு. இதைச் சுட்டிக்காட்டியவர்கள் தொடரை வெறுத்தவர்கள் அல்லர், விரும்பிப் பார்த்தவர்கள்.

தூங்கறவனை முத்தம் குடுக்கறது, குடிச்சவன்கிட்ட நெருங்கறது எல்லாம் காதலா?

இல்லை. 2019இல் வந்த 'தார்ன்டைப்'பின் தொடக்கப் பகுதிகளில் இந்த மாதிரிக் காட்சிகள் இருந்தன. அதுவும் டைப் என்ற பாத்திரம் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவன். பார்வையாளர்கள் அன்றே இரண்டாகப் பிளந்தார்கள். நடிப்பும் பின்பாதிக் காதலும் பிடித்திருந்தால் ரசியுங்கள். ஆனால் அந்தக் காட்சிகள் தன்னைத் தொந்தரவு செய்தன என்று ஒருவர் சொன்னால், 'கதைதானே, ஏன் இவ்வளவு சீரியஸ்' என்று வாயை அடைக்காதீர்கள். அதைச் சொல்கிறவரின் கதை உங்களுக்குத் தெரியாது.

அக்கா, நான் பையன்களை விரும்பற பையன். இந்தத் தொடர்களைப் பார்த்தா அழுகையும் வருது, கோபமும் வருது. என் வாழ்க்கை இவங்களுக்குக் கிச்சுகிச்சு மூட்டற விஷயமா?

தம்பி, இந்தக் கோபம் உங்களுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 1992இல் ஜப்பானில் சாதோ மசாகி என்ற தன்பாலீர்ப்பாளர் பெண்ணியச் சிற்றிதழ் ஒன்றில் கிட்டத்தட்ட இதையே எழுதினார். நீங்கள் ரசிக்கும் அழகான ஆண்கள் நாங்கள் இல்லை, எங்களை வைத்து நீங்கள் கற்பனை செய்கிறீர்கள், எங்கள் சிரமம் உங்களுக்குத் தெரியாது என்ற பொருளில். பெண் வாசகர்கள் பதில் எழுதினார்கள். சிலர் கோபமாக, சிலர் வருந்தி, சிலர் 'இது எங்களுக்கான ஒரே இடம்' என்று. அந்த விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. முதல் பதிலில் சொன்ன பிறப்புக் கதைதான் அதன் மூலம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்கிறவர் பேசும்போது ரசிகர் கொஞ்ச நேரம் வாய் மூடிக் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

அழுகை வருகிறது என்றீர்களே, அதையும் நம்புங்கள். உங்களைப் போன்ற ஒருவனுக்குக் கடைசிக் காட்சியில் சாவு இல்லாமல் சாப்பாடும் அணைப்பும் கிடைப்பதைப் பார்த்து வரும் அழுகை அது. ஜப்பானின் 'நேற்று என்ன சாப்பிட்டாய்' தொடரை (2019) தேடிப் பாருங்கள். நடுத்தர வயதில் ஒரு வழக்கறிஞர், அவரோடு வாழும் சிகை அலங்காரர், மளிகைக் கணக்கு, இரவுச் சமையல், வயதான பெற்றோர். துள்ளல் எதுவும் இருக்காது. என் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு 'எனக்கு அறுபது வயசு வரும்னு முதல் தடவையா தோணுச்சு' என்றார்.

பொண்ணுங்க காதல் தொடர் ஏன் இல்லை?

இப்போது இருக்கிறது. 2022 நவம்பரில் 'கேப்' வந்தது, பிறகு வரிசையாக வர ஆரம்பித்தன. 'பேட் பட்டி'யில் பாட்டின் தங்கை பா, இன்க் என்ற பெண்ணைக் காதலிப்பாள். கொஞ்ச நேரமே வந்த அந்த ஜோடிக்குத் தனித் தொடர் வேண்டும் என்று ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள். அதே இரு நடிகைகளை வைத்து 2024இல் '23.5' வந்தது.

இதெல்லாம் பார்த்தா பையன் 'அப்படி' ஆயிடுவானா? (என் பெரியம்மா கேட்டது)

ஆகமாட்டான் பெரியம்மா. பிறந்தது முதல் ஆண் பெண் காதல் படங்களையே பார்த்து வளர்ந்தும் தன்பாலீர்ப்போடு இருக்கிறவர்கள் இருக்கிறார்களே, படம் பார்த்து மாறுவதாக இருந்தால் அவர்கள் மாறியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வீட்டில் ஒரு பிள்ளை இந்தத் தொடரைப் பார்த்து அழுதால், ஏன் என்று அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

தாய்லாந்துல கல்யாணச் சட்டம் வந்ததே, அது இந்தத் தொடர்களாலயா?

முழுப் பெருமையையும் தொடர்களுக்குக் கொடுத்தால் தெருவில் நின்றவர்களுக்கு அநியாயம். 2021 நவம்பரில் தாய்லாந்தின் அரசியலமைப்பு நீதிமன்றம், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்ற சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மொட்டைமாடி முத்தத்துக்கு நாம் கத்திய அதே மாதம். திரையில் அவ்வளவு கொண்டாட்டம், நாட்டில் அந்த ஜோடிக்குத் திருமண உரிமை இல்லை. இதை அங்கே பலர் வலியோடு சொன்னார்கள்.

அடுத்த சில வாரங்களில் தொடங்கிய 'நாட் மீ' தொடரில் வானவில் கொடியும் திருமண சமத்துவக் கோரிக்கையும் நேரடியாகவே வந்தன. பிறகு பல ஆண்டுப் போராட்டத்தின் முடிவில் 2024 மார்ச்சில் கீழவையில் 400க்கு 10, ஜூனில் மேலவையில் 130க்கு 4 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறி, 2025 ஜனவரி 23 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாதாரண வீடுகளின் கூடத்துக்குள் இந்தக் காதல் பழகிப்போனதில் தொடர்களுக்குப் பங்கு உண்டு. சட்டத்தை வாங்கித் தந்தவர்கள் போராடியவர்கள்.

ரசிகர் சண்டை எவ்ளோ தூரம் போகும்? பேச்சோட நிக்காதா?

நிற்காது. சீனாவில் 2019இல் வந்த 'தி அன்டேம்ட்' ஒரு தான்மெய் நாவலை அடிப்படையாகக் கொண்டது. தணிக்கையால் திரையில் காதலை நட்பாக்கியிருந்தார்கள், பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்தது. 2020 பிப்ரவரியில் நாயகர்களில் ஒருவரான சியாவ் சானை வைத்து யாரோ எழுதிய கற்பனைக் கதை அவர் ரசிகர்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கதை இருந்த 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தின் மீது கூட்டமாகப் புகார் கொடுத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அந்தத் தளம் சீனாவில் முடங்கியது. பல ஆயிரம் பேர் எழுதிச் சேர்த்த கதைகள் கைக்கெட்டாமல் போயின. கோபம் திரும்பி, அந்த நடிகர் விளம்பரம் செய்த பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கமானது. கதையை எழுதாத, புகாரும் கொடுக்காத ஒருவர் தலையில் எல்லாம் விடிந்தது.

2021 செப்டம்பரில் சீன ஒளிபரப்புத் துறை 'பெண்மை கலந்த' ஆண் தோற்றங்களுக்கு எதிராக உத்தரவிட்டது. எடுத்து முடித்த தான்மெய் தொடர்களும் வெளிவராமல் முடங்கின. நமக்குப் பிடிக்காத கதை கண்ணில் பட்டால் மூடிவிட்டுப் போய்விடலாம். அதிகாரத்தைக் கூப்பிட்டால் அது நமக்குப் பிடித்த கதையையும் சேர்த்துத்தான் எடுத்துப் போகும்.

அவருக்குக் காதலி இருக்காங்கன்னு தெரிஞ்சதும் ரெண்டு நாள் சாப்பிடவே பிடிக்கலக்கா. எனக்குப் பைத்தியமா?

பைத்தியம் இல்லை. ஜோடி பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். அவர்களைச் சேர்த்தே காட்டி, சேர்த்தே விற்று, இது நிஜமோ என்ற ஆசையைத் தினமும் தூண்டியது அந்த வியாபாரம். ஆசைப்பட்டது உங்கள் குற்றம் இல்லை, வருத்தமும் பொய் இல்லை. யாரிடமாவது சொல்லி அழுதுவிடுங்கள், என்னிடம் என்றாலும் சரி.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் எதுவும் எழுதாதீர்கள். அவர் உங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. அந்த நடிகரிடம் விளக்கமும் கேட்காதீர்கள். அவர் நமக்குத் தருவதாகச் சொன்னது நடிப்பு, அதைத் தந்துவிட்டார். கொஞ்ச நாள் அவர்கள் பேட்டிகளைப் பார்க்காமல் இருங்கள், அப்புறம் ஒரு மாதம் கழித்து அந்த மொட்டைமாடிக் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். பிரான் அழுதுகொண்டே எழுந்து போவான், உங்களுக்கும் அழுகை வரும். வந்ததா இல்லையா என்று எனக்குச் சொல்லுங்கள்.